குழந்தைக்கு வயிற்றால் போகிறதா? ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, இளநீர், டிரிப்ஸ்: எதை எப்போது கொடுப்பது

மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் ஓடும் ஆனி, ஆடியிலும், அடைமழை பிடித்துக்கொள்ளும் ஐப்பசி, கார்த்திகையிலும் டெல்டா வீடுகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். காலையிலிருந்து குழந்தைக்கு நாலைந்து முறை தண்ணீராகப் போய்விட்டது. அப்பாயி இளநீர் வெட்டச் சொல்கிறார். அம்மாச்சி போனில் ஆரோரூட் கஞ்சி என்கிறார். மெடிக்கலில் போய்க் கேட்டால் பழச்சுவை டப்பா ஒன்றை நீட்டுகிறார்கள். பக்கத்து வீட்டில், "டவுனுக்குத் தூக்கிட்டுப் போயி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டு வந்துடுங்க" என்கிறார்கள். எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. சிலது மருந்து, சிலது உணவு, சிலது வெறும் இனிப்பு.

இங்கே பேசுவது 2 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றி. 2 மாதம் நிறையாத குழந்தைக்கு வயிற்றால் போனால் வீட்டில் எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே நேராக மருத்துவமனைக்குத் தூக்குங்கள். அதே சமயம், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்கு ஆறேழு முறை மஞ்சளாக, இளக்கமாகப் போவது இயல்பு. வழக்கத்தைவிடத் தண்ணீராகவும் அதிக முறையும் போனால்தான் அது வயிற்றுப்போக்கு.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், அதில் உப்பும் சர்க்கரையும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்பது. வயிற்றுப்போக்கில் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆபத்து கிருமியால் வருவதைவிட, உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுவதால் வருகிறது. குடல் சுவரில் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்தே உள்ளே போகும் வழி ஒன்று உண்டு. அவற்றோடு தண்ணீரும் உள்ளே இழுக்கப்படும். எத்தனை முறை போனாலும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. வெறும் தண்ணீரில் இந்த வேலை நடக்காது. சர்க்கரை அளவு மீறினால் நேர்மாறாக, உடம்பிலுள்ள தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்பட்டுப் போக்கு அதிகமாகும்.

இரண்டாவது, ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அளவு பிசகாமல் அதைச் செய்ய முடியுமா என்பது. மூன்றாவது, எந்தத் தண்ணீரில் செய்கிறோம். நான்காவது, குழந்தையின் வயது. ஐந்தாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: இதை நம்பி உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நேரம் வீணாகும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் குழந்தையைப் பாருங்கள். விளையாடுகிறது, வழக்கம்போல மூத்திரம் போகிறது என்றால் வீட்டிலேயே சமாளிக்கலாம். கண் உள்ளே போயிருக்கிறது, சிணுங்கிக்கொண்டே தண்ணீரைப் பார்த்ததும் தாவுகிறது என்றால் நீர் வற்றத் தொடங்கிவிட்டது. தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவே தோலை இரண்டு விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள். உடனே சமமாகிவிட்டால் நல்லது. மெதுவாகத் திரும்பினால் கவனம். 2 விநாடிக்கு மேல் மடிப்பு அப்படியே நின்றால் அது தீவிர நிலை.

## ஒரு பார்வையில்

| எது | உப்பு-சர்க்கரை விகிதம் | எங்கே சறுக்கும் | எப்போது சரி |
|---|---|---|---|
| ஓ.ஆர்.எஸ். பொடி | சரியானது | தண்ணீர் அளவு தவறுவது | எல்லா நேரத்திலும் முதல் தேர்வு |
| வீட்டு உப்பு-சர்க்கரைக் கரைசல் | ஏறக்குறைய சரி, பொட்டாசியம் இல்லை | உப்பு கூடிப்போவது | பாக்கெட் கிடைக்கும் வரை |
| உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி | உப்பு சேர்த்தால் நல்லது | சீக்கிரம் கெடும் | 6 மாதத்துக்கு மேல், ஓ.ஆர்.எஸ்.சுடன் |
| இளநீர் | சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம் | மருந்தென்று நம்புவது | லேசான போக்கில் துணைக்கு |
| பழச்சுவை டப்பா, குளுக்கோஸ் பொடி | சர்க்கரை மிக அதிகம் | போக்கு கூடுவது | வேண்டாம் |
| டிரிப்ஸ் | மருத்துவர் முடிவு செய்வது | தேவையில்லாமல் ஏற்றுவது | தீவிர நிலையில் கட்டாயம் |

## ஓ.ஆர்.எஸ். பொடி

ஓ.ஆர்.எஸ். என்பது தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கும் உப்பு-குளுக்கோஸ் பொடி. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவுப்படி ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். பாக்கெட்டின் பின்பக்கம் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பக்கத்துப் பழப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும், கிராம சுகாதார செவிலியரிடமும், அங்கன்வாடியிலும் இலவசமாகவே கிடைக்கும். கடையில் பெரிய பாக்கெட் 20 ரூபாய் சுமாருக்கு வரும்.

தவறு நடப்பது கலக்கும்போதுதான். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. சின்ன பாக்கெட் 200 மில்லிக்கானது. "குழந்தை இவ்வளவா குடிக்கப் போகுது" என்று பெரிய பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவதுதான் அதிகம் நடக்கும் பிழை. ரத்தத்தில் உப்பு ஏறிக் குழந்தைக்கு வலிப்பு வரும் அளவுக்கு அது போகலாம். பாதிப் பாக்கெட் கணக்கே வேண்டாம். பொடி பாக்கெட்டுக்குள் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சொம்பையும் டம்ளரையும் நம்பாதீர்கள், வீட்டுக்கு வீடு அளவு மாறும். காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொண்டால் அதுவே அளவுப் பாத்திரம். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, பிறகு முழுப் பாக்கெட்டையும் போட்டுக் கலக்குங்கள். கலந்த பிறகு சுடவைக்கக் கூடாது. பாலோ, ஜூஸோ, கூடுதல் சர்க்கரையோ சேர்க்கக் கூடாது. 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கடலோரத்துக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் பல ஊர்களில் அடிபம்புத் தண்ணீர் நாக்கில் வைத்தாலே உப்புக் கரிக்கும். அதில் ஓ.ஆர்.எஸ். கலந்தால் உப்பின் மேல் உப்பு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்றக் கரிப்பு இன்னும் கூடும். குழாயில் வரும் கொள்ளிடத் தண்ணீரை இதற்கென்று தனியாகப் பிடித்து வையுங்கள். அதுவும் இல்லாத நாளில் கேன் தண்ணீரைக் காய்ச்சிப் பயன்படுத்தலாம்.

கொடுக்கும் அளவு: 2 வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி. 2 வயதுக்கு மேலே 100 முதல் 200 மில்லி. நீர் வற்றிய அறிகுறி தெரிந்தால் கணக்கு வேறு: எடை ஒரு கிலோவுக்கு 75 மில்லி வீதம் 4 மணி நேரத்தில் உள்ளே போக வேண்டும். அதைச் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து, அவர்கள் கண் பார்வையில் கொடுப்பது நல்லது. 10 கிலோ குழந்தைக்கு 750 மில்லி என்றதும் மலைப்பாக இருக்கும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு 5 மில்லி ஸ்பூன் என்று கொடுத்துப் பாருங்கள். மணிக்கு 40 ஸ்பூன், அதாவது 200 மில்லி; நாலு மணி நேரத்தில் 800 மில்லி போய்விடும். "குடுத்தா வாந்தி எடுக்குது" என்று நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் டம்ளரோடு மடக் மடக்கென்று குடிக்கவிட்டவர்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, 2 அல்லது 3 நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மறுபடி தொடங்குங்கள்.

கைக்குழந்தைக்குப் பாலாடையிலோ சங்கிலோ கொடுக்கலாம். கொதிநீரில் போட்டு எடுத்ததாக இருக்கட்டும். காலை நீட்டி, குழந்தையை மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்துப் புகட்டும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அழும் குழந்தைக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கும். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, உதட்டோரம் சாய்த்து, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய்.

இதில் உள்ள உண்மையான செலவு ஆள் நேரம்தான். ஒருவர் நாலு மணி நேரம் ஸ்பூனும் கையுமாக உட்கார வேண்டும். நடவுக்கோ அறுப்புக்கோ போகிற வீட்டில் அது ஒரு நாள் கூலி. இன்னொன்று, ஓ.ஆர்.எஸ். போக்கை நிறுத்தாது, இழந்ததை ஈடுகட்டும். "குடுத்தும் நிக்கலையே" என்று ஒரே நாளில் கைவிடுவது இதைத் தெரிந்துகொள்ளாததால் வருவது. சாதாரணப் போக்கு சில நாள் இருந்துதான் அடங்கும்.

## வீட்டில் செய்யும் உப்பு-சர்க்கரைக் கரைசல்

காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், 5 மில்லி ஸ்பூனால் தலைதட்டிய 6 ஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை ஸ்பூன் தூள் உப்பு. இவ்வளவுதான். கல் உப்பு வேண்டாம். கல்லின் பருமனுக்கேற்ப ஒரே ஸ்பூனில் எடை மாறும். சர்க்கரை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, உப்பு கூடக் கூடாது. கலந்ததும் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

இதில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் கிடையாது. ஒரு ராத்திரியை ஓட்டுவதற்கு ஏற்றது. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து படுகை ஊர்கள் துண்டிக்கப்படும்போதும், 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு இருந்ததுபோல் சாலையெல்லாம் மரம் விழுந்து கிடக்கும்போதும், இதைச் சரியாகக் கலக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது பெரிய பலம். பாக்கெட் கைக்கு வந்ததும் அதற்கு மாறிவிடுங்கள்.

## அரிசிக் கஞ்சி, ஆரோரூட், மோர்

டெல்டாவில் அரிசிக்குப் பஞ்சமில்லை, கஞ்சி வைக்கவும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாவுச்சத்து குடலில் மெதுவாகக் குளுக்கோசாகப் பிரிவதால், இனிப்பு பானங்களைப் போலத் தண்ணீரை வெளியே இழுக்காது. பச்சரிசியை வறுத்து நொய்யாக உடைத்து, குழைய வேகவைத்து, ஸ்பூனிலிருந்து ஒழுகும் பதத்தில், ஒரு லிட்டருக்கு அரை ஸ்பூனுக்கு மேற்படாமல் தூள் உப்புப் போட்டு ஆற்றிக் கொடுங்கள். உப்புப் போடாத கஞ்சி உணவுதான், நீரிழப்புக்கு ஈடாகாது. ஆரோரூட்டும் ஜவ்வரிசியும் அப்படியே: பசியாற்றும், போன உப்பைத் திருப்பித் தராது.

வைத்த கஞ்சி வெக்கை நாளில் ஆறு மணி நேரத்தில் கெட்டுவிடும். காலையில் ஒரு சட்டி வைத்து ராத்திரி வரை கொடுப்பதுதான் இதன் மறைமுக ஆபத்து. அந்தந்த வேளைக்கு வையுங்கள். பழைய சோற்று நீராகாரம் பெரியவர்களுக்கு ஆகும். ராத்திரி முழுக்கத் திறந்திருந்த பானைத் தண்ணீரை வயிற்றால் போகும் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு உப்புப் போட்ட மோர், தயிர் சாதம், குழைந்த பருப்புச் சோறு, வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பட்டினி போட்டால் போக்கு நிற்கும் என்பது தவறு. காலியான வயிறு குணமாவதைத்தான் தள்ளிப்போடும்.

6 மாதம் ஆகாத குழந்தைக்குக் கஞ்சியே கிடையாது. அதற்குத் தாய்ப்பால்தான், வழக்கத்தைவிட அடிக்கடி. அதோடு ஓ.ஆர்.எஸ். தாய் பத்தியம் இருந்தால் பிள்ளைக்கு நிற்கும் என்று அவரை ரசச் சோற்றோடு நிறுத்துவதில் யாருக்கும் பயனில்லை.

## இளநீர்

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் கொல்லையில் மரம், கையில் அரிவாள். இதைவிட எளிதாக எதுவும் கிடைக்காது. சுத்தமான நீர் என்பதும் உண்மை. ஆனால் ஓ.ஆர்.எஸ்.ஸில் இருக்கும் அளவு சோடியம் இதில் இல்லை. பொட்டாசியம் மட்டும் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். போக்கில் குழந்தை அதிகம் இழப்பது சோடியத்தை. நாள் முழுக்க இளநீர் மட்டும் கொடுத்தால் தாகம் தணிந்ததுபோல் தெரியும், பற்றாக்குறை உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

ஒரு வயதுக்கு மேல், லேசான போக்கு, மூத்திரம் நன்றாகப் போகிறது என்றால் ஓ.ஆர்.எஸ். குடிக்க மறுக்கும் குழந்தைக்கு இடையிடையே கொஞ்சம் கொடுக்கலாம். மூத்திரமே போகாமல் கிடக்கும் குழந்தைக்கு வேண்டாம். பொட்டாசியத்தை வெளியேற்ற சிறுநீரகம் வேலை செய்தாக வேண்டும். சாலையோரத்தில் வெட்டி வாங்கினால் கத்தியையும் ஸ்ட்ராவையும் ஒரு முறை பாருங்கள்.

## பழச்சுவை டப்பா, குளுக்கோஸ் பொடி, சோடா, வரக்காப்பி

ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்ட டப்பாவெல்லாம் ஓ.ஆர்.எஸ். அல்ல. பலவற்றில் சர்க்கரை பல மடங்கு அதிகம், உப்பு குறைவு. ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் விடாமல் போராடியதன் பின்னணியில், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவன அளவுக்குப் பொருந்தாத பானங்களில் அந்தப் பெயரையே பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது மாறியிருக்க வேண்டும் என்பதில்லை. எண்களைப் படியுங்கள். மேலே சொன்ன அளவில் தயாரான திரவமாகவே வரும் டப்பாக்களும் உண்டு. வேளாங்கண்ணிக்கோ திருநள்ளாறுக்கோ பயணத்தில் இருக்கும்போது அவை வசதி. லிட்டர் கணக்குப் பார்த்தால் பாக்கெட்டைப் போலப் பல மடங்கு விலை.

குளுக்கோஸ் பொடியில் உப்பு கிடையாது. கலர் சோடாவும் பாட்டில் குளிர்பானமும் போக்கைக் கூட்டும். எலுமிச்சை பிழிந்த வரக்காப்பி பெரியவர்கள் வைத்தியம், குழந்தைக்கு வேண்டாம்.

## டிரிப்ஸ்

"ஏத்தினாத்தான் தெம்பு வரும்" என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமானது. விழுங்க முடிகிற குழந்தைக்கு, லேசான அல்லது நடுத்தர நீரிழப்பில், நரம்பு வழி ஏற்றுவது வாய்வழியைவிடச் சிறந்ததல்ல. 1971 வங்கதேசப் போரில் மேற்கு வங்கத்தின் பொங்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த கரைசலை டிரம்களில் வைத்து, உறவினர் கையாலேயே கொடுக்கவைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

தேவையில்லாமல் ஏற்றினால் என்ன குறை? ஊசி குத்திய இடம் வீங்கும், கிருமி தொற்றும். பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் நாலு இடம் குத்துவார்கள். படுக்கைக் கட்டணம், பஸ், துணைக்கு ஒருவர், வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளை என்று செலவு தனி. வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் உப்புப் பற்றாக்குறையும் தீராது. குழந்தைக்கு ஏற்ற வேண்டியது ரிங்கர் லாக்டேட் போன்ற உப்புக் கரைசல்.

ஆனால் தேவைப்படும் இடத்தில் இதற்கு மாற்றே கிடையாது. மயங்கித் துவண்டு கிடக்கிறது, குடிக்க முடியவில்லை, தோல் மடிப்பு திரும்பவில்லை என்றால் ஸ்பூன் வைத்தியம் நேரத்தைத் தின்னும். உடனே 108.

## எல்லாவற்றோடும் துத்தநாகம்

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதைச் சேருங்கள். ஜிங்க் மாத்திரை 2 முதல் 6 மாதம் வரை தினம் 10 மில்லிகிராம் (அரை மாத்திரை), அதற்கு மேல் 20 மில்லிகிராம், 14 நாள். ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ காய்ச்சி ஆறிய தண்ணீரிலோ கரையும். மூன்றாம் நாள் போக்கு நின்றதும் அட்டையை அலமாரியில் போட்டுவிடுவார்கள். அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி வராமல் தடுப்பது மீதி நாள் மாத்திரைதான்.

## தொக்கம், குடல் தட்டுதல், "பல்லு முளைக்குது"

வெறுமனே எண்ணெய் தடவி வயிற்றை நீவுவதில் பெரிய கெடுதல் இல்லை, பலனும் இல்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டுவதும், உள்ளே உணவு சிக்கியிருப்பதாகச் சொல்லி, தொண்டைக்குள் விரல் விட்டோ ஊதியோ தொக்கம் எடுப்பதும் வேறு. மூச்சுக்குழாயில் அடைக்கும், காயம் படும், கிருமி ஏறும். "பல்லு முளைக்குது, அதான் போவுது" என்று மூன்று நாள் விடுவது இவற்றைவிட மோசம்; பல் முளைப்பதால் தண்ணீராகப் போகாது. கண்டதைக் கடிக்கும் வயது அது, கிருமி அப்படித்தான் உள்ளே போகிறது. போக்கை நிறுத்தப் பெரியவர்களுக்கு வாங்கிய லோபரமைடு மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் கூடாது. குடல் அசைவு நின்று வயிறு உப்பிவிடும். ரத்தம் கலந்து போகாத சாதாரணப் போக்குக்கு ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் தேவைப்படாது.

## வீட்டில் வைத்துப் பார்ப்பதை நிறுத்த வேண்டிய நேரம்

மலத்தில் ரத்தம். 6 மணி நேரமாக மூத்திரமில்லை. குடித்ததெல்லாம் வாந்தி. பச்சையாகப் பித்த வாந்தி. வயிறு உப்பி இறுக்கம். கடுமையான காய்ச்சல், வலிப்பு, உச்சிக்குழி பள்ளம், கூப்பிட்டால் கண் திறக்காத தூக்கம். ஏற்கெனவே மிகவும் மெலிந்த குழந்தை. இதில் ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள். எங்கே போவதென்ற குழப்பமிருந்தால் 104 சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம். கிட்டத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் முதலில். அங்கிருந்து தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனைக்கோ திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்ப வேண்டுமா என்பதை அவர்கள் சொல்வார்கள்.

குழந்தை விழுங்குகிற நிலையில் இருந்தால் வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். ஸ்பூனை நிறுத்தாதீர்கள். எத்தனை மணியிலிருந்து, எத்தனை முறை, கடைசியாக எப்போது மூத்திரம் போனது, என்னென்ன கொடுத்தீர்கள் (தொக்கம் எடுத்ததையும் சேர்த்து) என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். கொடுத்த மருந்தின் அட்டையும் தடுப்பூசி அட்டையும் பையில் இருக்கட்டும். 6, 10, 14 வாரத்தில் போட்டிருக்க வேண்டிய ரோட்டா சொட்டு மருந்து போட்டாயிற்றா என்று முதலிலேயே கேட்பார்கள்.